காயப்பட்டவர் வழியாக வரும் மன்னிப்பு: ஸ்ரீவைணவ மரபில் பாவமும் பொறுத்தலும்

1. கேள்வி

பக்தி மரபுகளில் தெய்வம் மன்னிக்கிறது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எந்தத் தீங்கை மன்னிக்கிறது, யாருடைய சார்பில் மன்னிக்கிறது என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒருவன் இன்னொரு மனிதருக்குக் கொடுமை இழைத்துவிட்டுக் கோயிலுக்குப் போகிறான், உள்ளம் உருகி அழுகிறான், தெய்வம் அவனை ஏற்றுக்கொள்கிறது. கொடுமைக்கு ஆளானவரோ ஆறாத புண்ணுடன் வீட்டில் கிடக்கிறார். இந்த மன்னிப்பு நியாயமானதா? தன்மேல் விழாத அடியைப் பொறுத்துக்கொள்ளும் உரிமை தெய்வத்துக்கு உண்டா? இந்தக் கேள்வியை மிகுந்த நுட்பத்தோடு எதிர்கொண்டது ஸ்ரீவைணவ ஆசாரிய மரபு. ஆனால் அந்த விடை, தென்கலை, வடகலை என்னும் இரு கலைகளின் புகழ்பெற்ற விவாதத்துக்குள் மறைந்து கிடக்கிறது. தனக்கு இழைத்த குற்றத்தைத் தெய்வம் தானே பொறுக்கும். அடியவருக்கு இழைத்த குற்றத்தையோ அந்த அடியவரின் வழியாக மட்டுமே பொறுக்கும் என்பதுதான் இம்மரபின் ஆழ்ந்த நிலைப்பாடு என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

இதுவரையுள்ள புரிதல்கள் பெரும்பாலும் இரண்டு பாதைகளில் சென்றிருக்கின்றன. இந்தியச் சமயங்களில் பாவம் என்பது வினைக்கணக்கு மட்டுமே, செய்தவன் அனுபவித்துத் தீர்க்க வேண்டும், எனவே மன்னிப்புக்கு அங்கே வேலையில்லை என்பது ஒன்று. வேதாந்தப் பொதுநூல்களை மட்டும் படிப்போர் எளிதில் இந்த முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். மற்றொன்று கிறித்தவத்தோடு வைத்துப் பார்க்கும் ஒப்பியல் பாதை. ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ 1930-இல் வெளியிட்ட நூலில் இந்திய அருள் சமயத்தையும் கிறித்தவத்தையும் அருகருகே வைத்து ஆராய்ந்தார். அருள் என்னும் கருத்தில் இரண்டும் வியக்கத்தக்க அளவு நெருங்கி வருவதைக் கண்ட அவர், குற்றத்தின் சுமையும் அதற்கான கழுவாயும் கிறித்தவத்தில் மையமாக இருப்பதுபோல் பக்தியில் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். ஓட்டோவின் வாசிப்பில் மரியாதையும் உழைப்பும் தெரிகின்றன. ஆனால் அவர் தேடியது ஆன்மாவுக்கும் இறைவனுக்கும் இடையிலான குற்றத்தை. ஸ்ரீவைணவம் தன் கூர்மையான சொற்களைச் செலவிட்டதோ மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலான குற்றத்தின்மேல். தேடிய இடம் வேறாக இருந்ததால்தான் கழுவாய் அவர் கண்ணில் படவில்லை.

2. இரு கலைகளின் விவாதம், அதன் எல்லை

பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசனபூஷணமும் வேதாந்த தேசிகரின் ரகசியத்ரயசாரமும் இவ்விவாதத்தின் இரு தூண்கள். முன்னது 460-க்கும் மேற்பட்ட சூத்திரங்களைக் கொண்ட மணிப்பிரவாள நூல். பதினைந்தாம் நூற்றாண்டில் மணவாள மாமுனிகள் (1370–1443) அதற்கு விரிவான உரை எழுதினார். பின்னது 32 அதிகாரங்களில் பிரபத்தியின், அதாவது சரணாகதியின், ஒவ்வொரு கூற்றையும் சாத்திரமாக ஒழுங்குசெய்கிறது. தேசிகரின் காலத்தை மரபு 1268–1369 என்று கொள்ளும். பிற்காலத்தில் பதினெட்டுப் பேதங்கள் என்று பட்டியலிடப்பட்டவற்றில் மன்னிப்பை நேரடியாகத் தொடுவது வாத்சல்யம் பற்றிய வேறுபாடு. ஈன்ற பசு தன் கன்றின் உடம்பிலுள்ள வழும்பை நக்கி மகிழ்வதுபோல், இறைவன் அடியவரின் குற்றத்தையே போக்கியமாகக் கொள்கிறான் என்பது தென்கலையார் கொள்கை. குற்றத்தைக் காணாதிருத்தலே வாத்சல்யம், குற்றத்தை விரும்புதல் ஆகாது என்பது வடகலையார் கொள்கை. அருளுக்கு ஒரு வியாஜம், அதாவது ஆன்மாவின் தரப்பில் ஒரு சிறு முகாந்தரம் வேண்டுமா என்ற கேள்வியும் இதனோடு சேர்ந்தது. காரணமின்றி அருள்பவன் ஏன் எல்லோரையும் ஒரேயடியாக விடுவிக்கவில்லை என்று தேசிகர் மரபு கேட்கிறது. பிரம்மசூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் எழுப்பும் பாரபட்சம், கொடுமை என்ற இரு குற்றச்சாட்டுகள் இறைவன்மேல் விழாமல் காப்பதே அதன் கவலை. விலக்காமை ஒன்றே போதும், அதையும் ஒரு சாதனமாக எண்ணக் கூடாது என்பது மறுதரப்பின் விடை.

இவ்விவாதத்தை ஒழுங்காக ஆராய்ந்தவர்களுள் பட்ரீசியா மம்மி குறிப்பிடத்தக்கவர். தேசிகரையும் மாமுனிகளையும் ஒப்பிட்டு 1988-இல் அவர் வெளியிட்ட நூல், கலைப்பூசலின் சூட்டிலிருந்து விலகி இரு தரப்பையும் அவரவர் சொற்களிலேயே புரிந்துகொள்ள வழி செய்தது. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியும் தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியும் என்று நாம் பள்ளிப்பாடம்போல் ஒப்பிக்கும் விளக்கம் இந்நூல்களின் செறிவுக்கு அநீதி செய்கிறது. ஆயினும் வாத்சல்யம், வியாஜம் ஆகிய இரண்டையும் முழுக்கப் பேசி முடித்த பிறகும் நம் கேள்வி தொடப்படாமலே நிற்கிறது. ஏனெனில் அங்கே இருப்பவர்கள் இருவர் மட்டுமே: குற்றம் செய்த ஆன்மா, குற்றத்தைப் பொறுக்கும் இறைவன். மூன்றாமவர், அதாவது காயப்பட்டவர், அந்த விவாதத்தில் இல்லை. அவரைக் காண இந்நூல்கள் பாவத்தை எப்படி வகைப்படுத்துகின்றன என்று பார்க்க வேண்டும்.

3. பாவத்தின் படிநிலை

செய்யக் கூடாததைச் செய்தல், செய்ய வேண்டியதைச் செய்யாமை, பகவத் அபசாரம், பாகவத அபசாரம், அசஹ்ய அபசாரம் என ஐந்து வகைகளை இம்மரபு வரிசைப்படுத்துகிறது. ஸ்ரீவசனபூஷணம் இவற்றுள் முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்து, அபசாரங்களின் விளக்கத்துக்கு வந்ததும் நின்று பேசுகிறது. ஒன்றைவிட ஒன்று கொடியது என்ற ஏறுவரிசையையும் வெளிப்படையாகச் சொல்கிறது. பகவத் அபசாரத்துள் அடங்குபவை: எம்பெருமானை மற்றத் தேவர்களோடு சமமாக நினைத்தல், இராமன் கண்ணன் முதலிய அவதாரங்களை வெறும் மனிதராக எண்ணுதல், அர்ச்சாமூர்த்தி எந்த உலோகத்தாலானது என்று ஆராய்தல், இறைவனுக்கு உரிய ஆன்மாவைத் தன்னுடையதாகக் கொள்ளும் ஆத்மாபகாரம். கடைசியாகச் சொன்னது தத்துவ நோக்கில் எல்லாப் பாவங்களுக்கும் வேர். நான் எனக்கு உரியவன் என்ற எண்ணத்தை முதல் திருட்டாக இம்மரபு பார்க்கிறது. பாவத்தை அறியாமையாக மட்டுமோ கணக்காக மட்டுமோ சுருக்குவோர் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். இங்கே பாவம் என்பது உறவில் நேர்ந்த முறிவு.

அடுத்த படி பாகவத அபசாரம்: அகங்காரத்தாலோ பொருளாசையாலோ காமத்தாலோ அடியவர்களுக்குச் செய்யும் விரோதம். வகைப்பாட்டின் தருக்கப்படி பார்த்தால் இது வியப்பானது. இறைவனையே அவமதிப்பது பெரிய குற்றமா, அவனுடைய அடியான் ஒருவனை அவமதிப்பதா? சாதாரண அரச நீதியில் மன்னனுக்கு எதிரான குற்றமே உச்சம். இங்கே வரிசை தலைகீழாக இருக்கிறது. அவதாரங்களில் எம்பெருமான் நிகழ்த்திய பெருஞ்செயல்கள் யாவும் அடியவர்க்கு நேர்ந்த அபசாரத்தைப் பொறுக்க மாட்டாமல் செய்தவை என்று நஞ்சீயர் கூறியதாக லோகாசாரியர் பதிவு செய்கிறார். இரணியன் நெடுங்காலம் இகழ்ந்தான், திருமால் பொறுத்திருந்தான். பிரகலாதன்மேல் கை வைத்தபோது தூண் பிளந்தது. இரணிய வதத்தை இப்படிப் படிக்கும்போது அது தெய்வத்தின் கோபக் கதையாக இல்லாமல், பொறுமையின் எல்லையைக் குறிக்கும் கதையாகிறது.

அந்த எல்லையை நேரடியாகச் சொல்வது பாகவத புராணத்தின் ஒன்பதாம் கந்தத்திலுள்ள அம்பரீடன் வரலாறு. துவாதசி நேரத்தில் தன்னை விருந்துக்கு அழைத்துவிட்டு அம்பரீடன் முன்னதாக நீர் பருகினான் என்று துருவாசர் சினந்து அவனை அழிக்க முயல, திருச்சக்கரம் அவரைத் துரத்துகிறது. பிரமனிடம் ஓடுகிறார், சிவனிடம் ஓடுகிறார், இறுதியில் திருமாலின் காலிலேயே விழுகிறார். சரணடைந்தவரைக் கைவிடாதவன் என்று பெயர் பெற்ற தெய்வம் அப்போது சொல்லும் விடை: தான் அடியவர்களின் வசப்பட்டவன், தன்னால் ஆவது ஒன்றுமில்லை, அம்பரீடனிடமே போய்ப் பொறுப்பிக்க வேண்டும். சரணாகதி இறைவனின் காலடியிலேயே பலிக்காமல் போவதாகச் சொல்லும் இந்தக் காட்சி, பிரபத்தி இலக்கியம் முழுவதையும் படிக்க ஒரு திறவுகோல். அம்பரீடன் ஓராண்டாக உணவு கொள்ளாமல் நீரருந்தி முனிவர் திரும்பக் காத்திருந்தான் என்ற விவரமும் பொருள் நிறைந்தது. காயப்பட்டவரும் அந்தக் குற்றத்துக்குள் கட்டுண்டு கிடக்கிறார். அது தீரும்வரை அவராலும் உண்ண முடியவில்லை.

4. சீதை: பரிந்துரைப்பவளா, பாதிக்கப்பட்டவளா?

திருமகள் புருஷகாரம் செய்கிறாள், அதாவது ஆன்மாவுக்காக இறைவனிடம் பரிந்து பேசுகிறாள் என்பது இரு கலையாரும் ஏற்கும் கொள்கை. ஸ்ரீவசனபூஷணம் தொடக்கத்திலேயே இராமாயணத்தின் உட்பொருளாகச் சிறையிருந்தவளின் பெருமையைக் காட்டுகிறது. ஆன்மாவைத் தண்டிக்க முனையும் இறைவனுக்கும், அஞ்சி விலகும் ஆன்மாவுக்கும் அவள் உபதேசிக்கிறாள். உபதேசத்தால் திருந்தாதபோது ஆன்மாவை அருளாலும் இறைவனை அழகாலும் திருத்துகிறாள். இவ்விளக்கத்தில் அவள் பெரும்பாலும் ஒரு தாயாக, வழக்கறிஞராக வருகிறாள். ஆனால் இம்மரபு புருஷகாரத்துக்குச் சான்றாகக் காட்டும் நிகழ்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தால் வேறொரு உண்மை தெரிகிறது. காகம் அலகால் கிழித்தது யாருடைய உடலை? அசோகவனத்து அரக்கியர் மாதக்கணக்கில் அச்சுறுத்தியது யாரை? இரண்டிலும் சீதையையே. பரிந்துரைப்பவளும் பாதிக்கப்பட்டவளும் ஒருத்தியே. அவள் பரிந்துரைக்குப் பலம் வருவது அவள் இறைவனின் தேவி என்பதால் மட்டும் அன்று. புண் அவளுடையது என்பதாலும்தான். லோகாசாரியரின் மற்றொரு நூலான முமுக்ஷுப்படி, சீதை அருகில் இருந்ததால் காகம் உயிர் பிழைத்தது என்றும் அவள் அருகில் இல்லாததால் இராவணன் அழிந்தான் என்றும் ஒரே மூச்சில் சொல்கிறது. இரண்டு குற்றவாளிகளும் செய்த குற்றம் ஒரே பெண்ணுக்கு எதிரானது என்பதை வைத்துப் படித்தால் இவ்வாக்கியத்தின் கனம் கூடுகிறது.

யுத்த காண்டத்தின் இறுதிப் பகுதி இன்னும் தெளிவானது. போர் முடிந்த செய்தியைச் சொல்ல வந்த அனுமன், சீதையை வதைத்த அரக்கியரைக் கொல்ல அனுமதி கேட்கிறான். சீதை மறுக்கிறாள். அரசன் ஏவியதைச் செய்த ஏவலாளர்மேல் யார் சினம் கொள்வார் என்கிறாள்; புலியிடம் கரடி சொன்ன பழங்கதை ஒன்றை எடுத்துக்காட்டுகிறாள்; குற்றமே செய்யாதவர் எவருமில்லை என்று முடிக்கிறாள். கூரத்தாழ்வானின் மகனான பராசர பட்டர், ஸ்ரீகுணரத்னகோசத்தில் இந்நிகழ்ச்சியை இராமனின் செயலோடு ஒப்பிடுகிறார். வீடணனும் காகமும் சரண் என்று வந்த பிறகு இராமன் காத்தான். சீதையோ கேட்காதவர்களையும், குற்றத்தின் ஈரம் உலராத நிலையிலேயே, காத்தாள். அதனால் இராமனின் அவை அவள்முன் சிறுத்துவிட்டது என்பது அவர் கருத்து. பட்டரின் ஒப்பீட்டில் ஒரு படி மேலே சென்று நாம் சொல்லலாம்: இராமனால் அந்த அரக்கியரை மன்னித்திருக்க முடியாது. மன்னிக்கும் இடத்தில் அவன் இல்லை.

5. மறுப்புகள்

இந்த வாசிப்புக்கு எதிரான வலுவான சான்று இராமானுசரிடமே இருக்கிறது. பங்குனி உத்தரத்தன்று திருவரங்கத்தில் அவர் விண்ணப்பித்ததாக மரபு கொள்ளும் சரணாகதி கத்யத்தில், மேற்சொன்ன ஐவகைப் பாவங்களையும், பாகவத அபசாரம் உட்பட, பெயர் சொல்லி, எல்லாவற்றையும் பொறுத்தருள வேண்டும் என்று நேரே எம்பெருமானிடம் கேட்கிறார். அடியவர்க்கு இழைத்ததை இறைவனால் பொறுக்க முடியாதென்றால் இந்த வேண்டுகோளுக்குப் பொருள் ஏது? இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். கத்யம் தொடங்குவது பெருமானிடம் அன்று, திருமகளிடம். அவளைச் சரணடைந்து, அவள் இசைவைப் பெற்ற பிறகே அது அவனிடம் செல்கிறது. மேலும் எண்ணற்ற பிறவிகளில் யார் யாரைக் காயப்படுத்தினோம் என்று அறிய வழியில்லாதவனின் குரல் அது. பெயரும் முகமும் தெரிந்த ஒருவரைக் காயப்படுத்தியவனின் நிலை வேறு. ரகசியத்ரயசாரத்தின் அபராத பரிகார அதிகாரத்தில் தேசிகர், பிரபத்திக்குப் பின் அறியாமல் நேரும் குற்றம் ஒட்டாது, அறிந்து செய்ததற்குக் கழுவாய் வேண்டும், அதையும் செய்யாதவனுக்கு இம்மையிலேயே இலகுவான தண்டனை உண்டு என்று படிப்படியாக வகுக்கிறார். காகம் இழந்த ஒற்றைக் கண் இத்தகைய இலகுவான தண்டனைக்கு நல்ல உதாரணம். அடியவர்க்கு இழைத்த குற்றத்தை அந்த அடியவரிடமே பொறுப்பிக்க வேண்டும் என்பதில் தேசிகரும் உறுதியானவர். கிட்கிந்தா காண்டத்தில் சுடுசொல் பேசிய இலக்குவன் சுக்ரீவனிடம் தானே பொறுத்தருள வேண்டுவது இதற்கு இசைந்த பழைய முன்மாதிரி. கலைகள் எவ்வளவு முரண்பட்டாலும் இந்த ஓரிடத்தில் ஒன்றாக நிற்கின்றன.

இரண்டாவது மறுப்பு பாடம் சார்ந்தது. சுந்தர காண்டத்தில் காகத்தின் கதையைச் சீதையே அனுமனுக்குச் சொல்கிறாள். அங்கே அவள் காகத்துக்காகப் பரிந்து பேசியதாக வால்மீகி பாடவில்லை. ஒரு காகத்துக்காகப் பிரமாத்திரம் தொடுத்தவன், என்னைக் கவர்ந்தவனை ஏன் பொறுத்திருக்கிறான் என்பதே அவள் கேள்வி. காகத்தின் தலையை அவள் பெருமான் திருவடியில் சேர்த்தாள் என்பது பத்ம புராணத்தின் வழியாக உரைகாரர்கள் கொண்டுவந்த விளக்கம். இதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு மரபு மூலத்தில் இல்லாத ஒன்றைத் தேடிச் சேர்க்கிறது என்றால், அங்கே ஒரு குறையை அது உணர்ந்திருக்கிறது என்று பொருள். காயப்பட்டவள் பேசாமலே குற்றவாளி உயிர் பிழைத்ததை ஆசாரியர்களின் நீதியுணர்வு ஏற்கவில்லை.

சைவத்திலிருந்து ஓர் எதிர்ச்சான்றும் உண்டு. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 26-ஆவதாக வரும் மாபாதகம் தீர்த்த படலம், தாயைக் கூடித் தந்தையைக் கொன்றவனை மதுரைப் பெருமான் மீட்டதைச் சொல்கிறது. இத்தகையவனையும் காப்பதா என்று அம்மையே வினவ, உய்ய வேறு வழியற்றவனைக் காப்பதே காத்தல் என்ற பொருளில் இறைவன் விடை தருகிறான். வேடன் உருவில் வந்து அவன் விதிப்பது பசுவுக்குப் புல் அளித்தல், நீராடல், கோயிலை வலம் வருதல் முதலிய தொண்டுகள். இங்கே காயப்பட்டவரின் குரல் முற்றிலும் இல்லை. தந்தை இறந்துவிட்டார், வேடர் கவர்ந்து சென்ற தாயைப் பற்றிய கவலை கதையில் இல்லை. அருளின் எல்லையின்மையைக் காட்ட இதைவிடத் துணிச்சலான கதை தமிழில் அரிது என்பதை மறுக்க முடியாது. அதே வேளையில், அந்தத் தாய் என்னவானாள் என்ற கேள்வியை எழுப்பாமல் ஒரு வாசகர் இப்படலத்தைக் கடந்து போகவும் முடியாது. அருளின் எல்லையின்மையும் பாதிக்கப்பட்டவரின் உரிமையும் ஒன்றோடொன்று மோதும் இடம் இது. சைவ புராணம் முதலாவதைத் தேர்ந்துகொண்டது, ஸ்ரீவைணவ ஆசாரியர்கள் இரண்டாவதை விட்டுக்கொடுக்க மறுத்தார்கள்.

இன்னும் கடுமையான மறுப்பு ஸ்ரீவைணவ வகைப்பாட்டின் உள்ளேயே இருக்கிறது. பரஹிம்சை, அதாவது பிறரை வருத்துதல், ஸ்ரீவசனபூஷணத்தில் செய்யக் கூடாதவற்றின் பட்டியலில் முதலாவதாக வருகிறது. ஆனால் அது ஏறுவரிசையின் அடிப்படியில் இருக்கிறது. அடியவரை வருத்தினால் பெருங்குற்றம், மற்றவரை வருத்தினால் சிறுகுற்றம் என்றால், இது பொது அறமா, குழு அறமா? இந்தக் குறையை மூடி மறைப்பதில் பயனில்லை. எல்லா ஆன்மாக்களும் இறைவனின் உடைமை என்ற இம்மரபின் அடிப்படைக் கொள்கையிலிருந்து, எந்த ஆன்மாவை வருத்துவதும் அவன் பொருளை வருத்துவதே என்று வாதிட வழியுண்டு. ஆயினும் ஆசாரியர்கள் அந்த வாதத்தை அதன் முடிவுவரை கொண்டு செல்லவில்லை என்பது உண்மை.

காயப்பட்டவர்மேல் மன்னிக்கும் கடமையைச் சுமத்துகிறதே என்ற மறுப்பும் எழும். தனக்குத் தீங்கு செய்தவரிடம் பொறுமை, இரக்கம், சிரிப்பு, மகிழ்ச்சி, நன்றியுணர்வு கொள்ள வேண்டும் என்று ஸ்ரீவசனபூஷணமே அடியவனுக்கு விதிக்கிறது. அடிபட்டவரிடம் நன்றியைக் கேட்பது மிகையான எதிர்பார்ப்பு என்றே நான் கருதுகிறேன். ஆனால் கதைகளில் கடமை எந்தப் பக்கம் வைக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மன்னிக்கும்படி அம்பரீடனிடம் திருமால் சொல்லவில்லை. துருவாசரைப் போகச் சொன்னான். நடக்க வேண்டியவர் குற்றம் செய்தவர்.

6. நாலூரானும் பிறப்பை ஆராய்தலும்

இக்கொள்கையின் உச்சமாகக் குருபரம்பரை நூல்கள் காட்டுவது கூரத்தாழ்வானின் வாழ்க்கை. சோழ அரசன் ஒருவனின் அவையில் இராமானுசருக்குப் பதிலாகச் சென்ற ஆழ்வான் கண்களை இழந்தார். அதற்குக் காரணமாக இருந்தவன் நாலூரான். ஆழ்வானிடமே பாடம் கேட்டவன். அந்த அரசன் எந்தச் சோழன் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒற்றுமை இல்லை. நமக்கு வேண்டியது இக்கதையை மரபு ஏன் இவ்வளவு போற்றியது என்பதே. பின்னாளில் காஞ்சியில் வரதராசன் முன்னிலையில் வரம் கேட்க நேர்ந்தபோது, ஆழ்வான் தன் கண்ணைக் கேட்கவில்லை. தனக்குக் கிடைக்கும் பேறு நாலூரானுக்கும் கிடைக்க வேண்டும் என்றார். இறைவன் தன் விருப்பத்தால் மட்டும் நாலூரானை விடுவித்திருந்தால் கதை அவனது கருணையைப் பாடியிருக்கும். கதை பாடுவது ஆழ்வானை. இறைவன் இங்கே வரம் தருபவன் மட்டுமே, மன்னித்தவர் கண்ணிழந்தவர்.

இந்தப் பின்னணியில் ஸ்ரீவசனபூஷணம் பாகவத அபசாரத்தின் கொடிய வடிவமாக எதைச் சொல்கிறது என்பது சிந்திக்கத்தக்கது. அடியவரின் பிறப்பை ஆராய்தல்தான் அது. மூர்த்தி எந்த உலோகம் என்று ஆராய்வதைவிட இது கொடியது என்கிறார் லோகாசாரியர். அவர் தம்பி அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆசாரிய இருதயத்தில் இதே கருத்தை விரிக்கிறார். ஆளவந்தாரின் சீடரான மாறனேரி நம்பி தாழ்த்தப்பட்ட குலத்தவர். அவருக்கு ஈமக்கடன் செய்த பெரிய நம்பியை ஊரார் விலக்கினர். இராமானுசரே காரணம் கேட்டபோது, சடாயுவுக்கு இராமனும் விதுரனுக்குத் தருமனும் செய்தார்களே, அவர்களைவிட நான் மேலானவனா என்ற பொருளில் பெரிய நம்பி விடை தந்ததாக மரபு பதிந்திருக்கிறது. இந்நூல்களைக் காலட்சேபமாகச் சொல்லி வந்த அதே ஊர்களில், அதே சந்நிதிகளின் வாசலில், அடியவரின் பிறப்பை ஆராயும் வழக்கம் நூற்றாண்டுகள் நீடித்தது. இம்மரபின் சொந்த அளவுகோலின்படி இது ஐந்தில் நான்காம் படியிலுள்ள குற்றம். பெருமானிடம் விண்ணப்பித்தோ சம்புரோட்சணம் செய்தோ தீர்க்கக் கூடியது அன்று. துருவாசர் சென்றதுபோல், விலக்கப்பட்டவர்களின் வாசலுக்குச் சென்று கேட்க வேண்டியது.